நான்காம் படி வியப்பு

மோப்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நல்ல பெயர் ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் கையில் எது கிடைத்தாலும் மூக்கில் உரசுகிற மாதிரி வைத்துப் பார்க்கும் பழக்கம் தவழ்கிற வயதிலேயே அவளுக்கு வந்துவிட்டது. குடியிருப்பில் யாரோ விளையாட்டாக மோப்பி என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. கொடுத்த பெயர் போன இடம் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் முகம் உள்ளே போய்விடும். தட்டை வைத்தால் தலை தட்டுக்குள் இருக்கும். "அப்படி என்னடி வாசம் பிடிக்கறே?" என்று கேட்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் ஒரு மாடியிலும் கிடையாது. படிப்பில் ஆசை என்றார்கள் சிலர். சாப்பாட்டில் ஆசை என்றார்கள் சிலர். டீச்சர் ஒருவர்தான் மந்தம் என்றார்.

மோப்பியின் அம்மா சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை ஆவி இயந்திரத்துக்குள் கொடுத்து, சுருக்கம் போக வாங்கி, மடித்து அடுக்குகிற வேலை. அப்பா லாரியோடு போனால் போனவர்தான். வீட்டுக்கு அவருடைய குரல் மட்டும் போனில் வந்துபோகும். ஆகவே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினால் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியவள் அம்மா.

"போர்டுல என்ன எழுதினாலும் எழுதிக்க மாட்டேங்கறா. பக்கத்துல இருக்கறவளைப் பார்த்துத்தான் எழுதறா. அவ தப்பா எழுதினா இவளும் அதே தப்பை எழுதறா" என்றார் டீச்சர். "இந்தப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். அப்புறம் மெதுவகுப்புதான்."

மெதுவகுப்பு என்பது பள்ளிக்கூடத்தின் கடைசியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறை. பெஞ்சுகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு, அதில் பிள்ளைகளை உட்காரவைத்திருப்பார்கள். காகிதத்தில் பூ செய்யச் சொல்லித்தருவார்கள். அந்த அறைக்குள் போன பெஞ்சும் திரும்பி வந்ததில்லை, பிள்ளையும் திரும்பி வந்ததில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடிப்பதற்குப் பதில் சூட்டுத் தகட்டைப் பிடித்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம்தான் இயற்கை அறிமுக வாரியம் குடியிருப்புக்குள் நுழைந்தது.

வசதி குறைந்த குடியிருப்புக் குழந்தைகளுக்குப் பறவைகளையும் இயற்கையையும் அறிமுகம் செய்துவைப்பது வாரியத்தின் நோக்கம். இரண்டு தரப்பாரும் ஒரே ஊரில் இத்தனை காலம் இருந்தும் முறைப்படி யாரும் அறிமுகம் செய்துவைக்காததால் ஒருவரையொருவர் தெரியாமலே இருந்துவிட்டார்கள் என்பது வாரியத்தின் வருத்தம். வாரியத் தலைவியம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை விளக்கினார். தலைக்கு மேல் மின்கம்பியில் வரிசையாகக் காக்கைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன.

"பறவைகள் ஏழை, பணக்காரர் என்று பேதம் பார்ப்பதில்லை" என்றார் தலைவியம்மா. "அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பொடியன் எழுந்து, அதோ காக்கா, அது பறவை இல்லையா என்று கேட்டான். தலைவியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அது நீயாப் பார்த்ததுப்பா கண்ணு. நாங்க காட்டறதுதான் பறவை" என்று பொறுமையாகச் சொன்னார்.

வாரியத்துக்கு வெளியிலிருந்து உதவி செய்கிற பெரிய மனிதர்கள் இருந்தார்கள். என்ன பலன் கண்டீர்கள் என்று அவர்கள் அவ்வப்போது கேட்பார்கள். பறவையைப் பலனாகக் காட்ட முடியாது. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. குழந்தையின் வியப்பு அப்படியல்ல, அளந்து காட்டலாம். அதற்கென்றே வியப்பு அலுவலர் என்று ஒரு பதவி இருந்தது. வாய் திறந்தால் முதல் படி. மூச்சை உள்ளே இழுத்தால் இரண்டாம் படி. பேச்சு நின்றுபோனால் மூன்றாம் படி. கண்ணீர் வந்தால் நான்காம் படி. நான்காம் படியை எட்டுகிற குழந்தை வாரியத்தின் 'முகக் குழந்தை' ஆகும். முகக் குழந்தைக்கு வாரியமே நடத்தும் பசுமைப் பள்ளியில் தங்கிப் படிக்க இடம் உண்டு. இதுவரை யாரும் இரண்டாம் படியைத் தாண்டவில்லை. அந்த இடம் வருஷா வருஷம் காலியாகவே பத்திரமாக இருந்துவந்தது.

இந்தக் கடைசிச் செய்தி காதில் விழுந்ததும்தான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பறவையில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. மெதுவகுப்பிலிருந்து மகளைக் காப்பாற்ற ஒரு கதவு திறந்தால் அது பறவைக் கதவானால் என்ன, பாம்புக் கதவானால் என்ன? மோப்பியைச் சேர்த்தாள். பஸ்ஸில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் பை பிடிக்கத் துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்றார்கள். அதற்கும் தானே வருவதாகச் சொன்னாள்.

பஸ் ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கரைக்குப் போனது. பிள்ளைகளுக்கெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் தொப்பியும் சட்டையும் கொடுத்தார்கள். இயற்கையின் நடுவில் மௌனமாக இருப்பது எப்படி என்று வியப்பு அலுவலர் ஒலிபெருக்கியில் பேசினார். நல்ல பேச்சு, நிறைய நேரம் பேசினார். அவர் பேசத் தொடங்கியபோது தண்ணீரில் ஏதோ வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. முடித்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது.

பிறகு கருவிக் காப்பாளர் பைனாகுலரை வெளியே எடுத்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். சொந்தப் பிள்ளையைக் கூட அவர் அவ்வளவு பக்குவமாகத் தூக்கியிருக்க மாட்டார். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் அதன் வாரை மாட்டி, "கீழ போட்டா கொன்னுடுவேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, நொடிப்பொழுது பார்க்கவிட்டு, வாங்கித் துடைத்து, அடுத்த குழந்தைக்கு மாட்டினார். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடி வாயைத் திறந்தார்கள். வியப்பு அலுவலர் முதல் படி, முதல் படி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மோப்பியின் முறை வந்தது. அவள் கண்ணில் வைத்தாள். நடுவில் இருந்த சக்கரத்தைத் திருகினாள். இன்னும் திருகினாள். அது நிற்கிற இடம் வரைக்கும் திருகினாள். அப்புறம் அசையவில்லை. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, பேச்சு வரவில்லை. வியப்பு அலுவலர் மெல்லக் கிட்டே வந்தார்.

"அம்மா!" என்று அலறினாள் மோப்பி. "மரத்துல இலை இலையா இருக்கும்மா!"

அழுதுவிட்டாள்.

வியப்பு அலுவலர் குனிந்து, கண்ணீர்தானா என்று அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ குடியிருப்புகளில் எத்தனையோ குழந்தைகளின் வாயையே பார்த்துப் பார்த்து வீணாகிப்போன மனிதர் அவர். "இலையைப் பார்த்து அழுதிருக்கா! பறவைக்குக்கூடக் காத்திருக்கல!" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். தலைவியம்மா போட்டோக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். முகம் மறைக்கிறது என்று பைனாகுலரை மோப்பியின் மோவாய்க்குக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மோப்பி அதைத் திரும்பக் கண்ணுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தாள். அம்மா வாந்திப் பையைக் கையில் பிடித்தபடி, தன் வயிற்றில் பிறந்தது மந்தம் இல்லை என்று உலகமே சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் மோப்பியை வாரியம் கீழே விடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பயணத்திலேயே கொட்டாவி வந்துவிடும். மோப்பிக்கோ ஒவ்வொரு தடவையும், பைனாகுலர் கண்ணுக்குப் போனதும், புதிதாக நான்காம் படி. அவள் சொன்னதையெல்லாம் குறித்துவைத்தார்கள். "தூரத்துல இருக்கறதுக்கும் ஓரம் இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அதை வாரியத்தின் சட்டைகளின் முதுகில் அச்சடித்தார்கள். "அந்தம்மாவுக்குப் பல்லு தனித்தனியா இருக்கு" என்று தலைவியம்மாவைப் பைனாகுலரில் பார்த்துச் சொன்னாள்; அதை அச்சடிக்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து மோப்பியோடு பேசிவிட்டு, வறுமை இந்தக் குழந்தையின் பார்வையைக் கெடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆண்டு விழாவில், பெரிய விருந்தினர் முன்னால், மோப்பி நான்காம் படி ஏறிக் காட்டுவாள். அந்த மேடையிலேயே பசுமைப் பள்ளி இடம் அறிவிக்கப்படும் என்று முடிவாயிற்று.

அம்மாவின் மூளையில் விளக்கெரிந்ததற்குக் காரணம் கருவிக் காப்பாளர். நல்லெண்ணத்தில் அல்ல, எரிச்சலில். ஒருநாள் பஸ் கிளம்பும்போது அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்தாங்கம்மா, உங்க பொண்ணு பார்த்து முடிச்சதும் யார் பார்த்தாலும் ஒரே புகையா இருக்கு. சக்கரத்தைக் கடைசி வரைக்கும் முறுக்கி வெச்சுடறா. வேற எந்தப் பிள்ளையும் இப்படிப் பண்ணறதில்ல. இது என்ன தண்ணிக் குழாயா?"

அம்மா அதை வாங்கிக் கண்ணில் வைத்தாள். உண்மையில் புகைதான். ஏரி இல்லை, மரம் இல்லை. சலவைக்கூடத்தில் ஆவி அடைத்த நேரத்தில் எதிரில் இருப்பவள் தெரிவாளே, அந்த மாதிரி. இதில் என்ன இலையைக் கண்டாள் இவள்? காப்பாளர் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருகினார். எல்லாம் பளிச்சென்று வந்தது. அம்மா மகளைக் கூப்பிட்டு, இப்போது பார் என்றாள். மோப்பி பார்த்துவிட்டு, "ஐயோ, கெடுத்துட்டாங்களே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை மாடி நடையில் நிறுத்தினாள்.

"எதிர்க் கட்டடத்து மாடில யாருடி நிக்கறா?"

"மாடி எங்கம்மா தெரியுது? கட்டடம் இருக்கறது தெரியுது. மாடி, ஆளு எல்லாம் கிட்டப் போனாத்தானே வரும்?"

"வரும்னா?"

"வரும்மா. கிட்டப் போகப் போக ஒவ்வொண்ணா வரும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

அம்மா நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரித்துப்போட்ட வெள்ளைத் துணிமேல் ஏறி மிதித்தாள் என்று அடித்திருக்கிறாள். பெரியவர்கள் எதிரில் வந்தால் வணங்கத் தெரியாதா, அவ்வளவு கொழுப்பா என்று கிள்ளியிருக்கிறாள். பெற்றவளாக இருந்தும் இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. அன்று இரவு கணவரிடம் போனில் சொன்னாள். "அப்போ வியப்பு?" என்றார் அவர். அவர் ஊர் ஊராக மகளின் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். சுவரெல்லாம் மோப்பி. தலைவியம்மாவும் வியப்பு அலுவலரும் விழா ஏற்பாட்டில் இருந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். குழந்தைக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் தெரிகிறது, தூரத்தில் இருப்பது தெரியவில்லை, வாரியம் பார்த்து ஒரு கண்ணாடிக்கு வழி செய்தால் புண்ணியமாகப் போகும் என்றாள்.

தலைவியம்மா கையிலிருந்த விழா அழைப்பிதழைக் கீழே வைத்தார்.

"கண்ணு சுகாதாரத் துறைம்மா" என்றார் தலைவியம்மா. "நாங்க இயற்கை."

"கண்ணும் இயற்கைதானேங்க?"

"அது உடம்பும்மா. இயற்கைங்கறது வெளியில இருக்கறது."

வியப்பு அலுவலர் இதற்குள் வேறொன்றைப் புரிந்துகொண்டுவிட்டார். "கண்ணாடி போட்டா தினமும் எல்லாத்தையும் பார்ப்பாளேம்மா? காலையில எழுந்ததும் இலையைப் பார்ப்பா. விழா அன்னிக்கு எங்கிருந்து அழுகை வரும்?"

தலைவியம்மா எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார். மேடைப் பேச்சு தானாக வந்தது. "வியப்பு குழந்தையின் பிறப்புரிமை. வசதியான வீட்டுக் குழந்தைகள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அந்த உரிமையை இழந்துவிட்டார்கள். உங்கள் குழந்தையிடம் மட்டும் அது மிச்சம் இருக்கிறது. அதன்மேல் கண்ணாடியை மாட்டிப் பறித்துவிடாதீர்கள்." பிறகு சாதாரணக் குரலில், "விழா முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. அதுக்குள்ள கண்ணாடி போட்டா அந்த இடம் கிடையாது" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். விழா வரைக்கும்தானே? பசுமைப் பள்ளி கிடைத்துவிட்டால் மெதுவகுப்பு என்ற பேச்சே இல்லை. வழியெல்லாம் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் வீட்டில் மோப்பி புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், சொன்ன சமாதானமெல்லாம் எங்கோ போய்விட்டது.

வாரியம் ஒரு நல்ல விஷயம் கையில் கிடைத்தால் அதோடு விடாது. கண் சரியாகத் தெரியாத ஒரு குழந்தைக்கே இவ்வளவு வியப்பு என்றால், மேடை நிறைய அப்படிப்பட்ட குழந்தைகள் இருந்தால்? தலைவியம்மா கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டார். இனிமேல் குழந்தைகளைக் கண்டபடி சேர்ப்பதில்லை, தகுதித் தேர்வு வைத்துச் சேர்ப்பது. கடைத்தெருவில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கண் சோதிக்கும் எழுத்து அட்டையோடு குடியிருப்புக்கு வரவழைக்கப்பட்டார். கருவிக் காப்பாளரை மேற்பார்வைக்குப் போட்டார்கள். அட்டையை முழுக்கப் படித்துவிட்ட பிள்ளைகள் தோல்வி. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். முதல் வரியிலேயே தடுமாறியவர்கள் தேர்ச்சி; அவர்களுக்கு அங்கேயே ஆரஞ்சுத் தொப்பி. நன்றாகப் படித்த ஒருவனை அவன் அப்பா முதுகில் அறைந்து, "உன்னை யாருடா கடைசி வரி வரைக்கும் போகச் சொன்னது?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு தேர்வு நடத்தியதில்லை. சாயங்காலம் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "வாரியத்துக்கு இவங்கல்லாம் பாஸ். எனக்கு இவங்கல்லாம் கண்ணாடி போட வேண்டியவங்க. இப்ப நான் சிரிக்கறதா, அழறதா?"

மோப்பி தேர்வுக்கு முன்மாதிரியாகப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். அம்மாவும் கூடவே நின்றாள். பேச்சோடு பேச்சாக அவர் தன் பெட்டியிலிருந்த சோதனைக் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டி, வில்லைகளைப் போட்டுப் போட்டு மாற்றினார். ஒரு வில்லையில் மோப்பி நிமிர்ந்தாள். அட்டையின் கடைசி வரியை மளமளவென்று படித்தாள். பிறகு அட்டையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த சுவரை, சுவரில் ஒட்டியிருந்த கிழிந்த விளம்பரத்தை, அதற்கும் அப்பால் தெருவைப் படிக்க ஆரம்பித்தாள். கடைக்காரர் கழற்றக் கையை நீட்டியதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"விழா முடிஞ்சாத்தான் தருவாங்களாம்மா? அது வரைக்கும் மறுபடியும் எல்லாம் போயிடுமா?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி பொறுக்கவில்லை. பசுமைப் பள்ளி எவ்வளவு பசுமையாக இருந்தால்தான் என்ன, இந்தக் குழந்தையின் கண்ணைக் கட்டி அதற்குள் அனுப்ப முடியாது. "இவளுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்கண்ணே" என்றாள். "மத்தப் பிள்ளைங்களுக்கும் ஏதாவது வழி பண்ண முடியுமான்னு பாருங்க. அதுங்களுக்கும் கிட்டப் போனாத்தான் எல்லாம் வருது."

"அவ்வளவு பேருக்குமா? யாரும்மா செலவு பண்றது?"

அதுவரை வாய் திறக்காமல் நின்ற கருவிக் காப்பாளர் ஒரு கேள்வி கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளைகள் சக்கரத்தை முறுக்குமா, முறுக்காதா? முறுக்க வேண்டிய அவசியமே இருக்காது என்றார் கடைக்காரர். காப்பாளர் மேடை நிறைய முறுக்குகிற பிள்ளைகளை மனத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "பில்லுல பார்வைக் கருவிகள்னு போட்டு என்கிட்ட அனுப்புங்க. நான் வாங்கிக்கறேன்" என்றார். பார்வைக் கருவிகள் வாங்கும் பொறுப்பு முழுக்க அவருடையது. வாரியத்தில் அதை யாரும் ஏன் என்று கேட்டது கிடையாது.

விழா நாள் வந்தது. ஏரிக்கரையில் பெரிய பந்தல். பெரிய விருந்தினர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. காப்பாளர் விதிப்படி பஸ்ஸிலேயே கருவிகளை விநியோகம் செய்துவிட்டார். பஸ் வந்து நின்றது. பாண்டு வாத்தியம் முழங்கியது. ஆரஞ்சுத் தொப்பிகள் இறங்கின. ஒவ்வொரு தொப்பிக்கும் கீழே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது.

வியப்பு அலுவலர் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தலைவியம்மா சிரித்த முகம் மாறாமல், பல்லிடுக்கில், "யார் வேலை இது?" என்றார். விருந்தினரோ, "அடடே, எல்லாரும் படிக்கிற பிள்ளைங்க போலிருக்கே" என்று மகிழ்ந்துபோனார். இனி நிறுத்த முடியாது. தலைவியம்மா மோப்பியை மேடைக்கு இழுத்து, கண்ணாடியின்மேல் பைனாகுலரைக் கொடுத்து, மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"சொல்லும்மா கண்ணு. உனக்கு என்ன தெரியுது?"

மோப்பி பைனாகுலரைத் தூக்கவே இல்லை. வெறுமனே சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் தெரியுதுங்க."

"ஆஹா! பறவை தெரியுதா?"

மோப்பி கழுத்தை நீட்டி நிதானமாகத் தேடினாள். ஏரியைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பறவை ஒண்ணும் இல்லீங்க" என்றது அத்தனை ஒலிபெருக்கியும். "மரத்துல எல்லாம் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கு."

பெரிய விருந்தினர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ விழாக்களுக்குப் போனவர். மரத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். "ஆமா, ஒண்ணையும் காணோமே" என்றார். கீழே இருந்த பிள்ளைகளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நானும் பார்த்தேன், இல்லை, அங்கேயும் இல்லை, எங்கேயும் இல்லை என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஒருவன், மேடையில் ஓரமாகத் தூங்குகிறாரே அவர் யார் என்று கேட்டான். அவர் ஆராய்ச்சியாளர்.

விருந்தினரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த தலைவியம்மா, தகுதியான வியப்பு இல்லாததால் பசுமைப் பள்ளி இடம் இந்த ஆண்டும் காலி என்று அறிவித்தார். அம்மா அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இருந்தாலும் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ அறுந்தது. ஆனால் தலைவியம்மா அதோடு நிறுத்தவில்லை.

"அதெல்லாம் வாரியத்தோட பார்வைக் கருவிதானே? பயணம் முடிஞ்சதும் கருவியைத் திரும்ப வாங்கறது விதி. வாங்குங்க எல்லாத்தையும்."

பஸ் வாசலில் காப்பாளர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். முதலில் மோப்பி. அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா குறுக்கே போய் நின்றாள். வாழ்க்கையில் எந்த அதிகாரியையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள். "குடுக்க மாட்டோங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க."

"விதிம்மா" என்றார் காப்பாளர். மோப்பியின் முகத்திலிருந்து கண்ணாடியை உருவினார். துடைத்தார். கருவியைத் திரும்ப வாங்கினால் சரியாக வேலை செய்கிறதா என்று கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் விதி. தன் மூக்கில் மாட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"புகை. இது பழுது."

பெட்டியில் போடாமல் தள்ளி வைத்தார். அடுத்த பையனுடையதை வாங்கி மாட்டிப் பார்த்தார். அதுவும் பழுது. அதற்கடுத்தது தலையைச் சுற்றவைத்தது, படு பழுது. வரிசை முழுவதும் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலைவியம்மாவிடம் போனார்.

"ஒண்ணுகூட வேலை செய்யலீங்க. பழுதான கருவியை உள்ள வாங்கினா தணிக்கையில என் கழுத்தைப் பிடிப்பாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவியம்மா அவரை முறைத்தார். தணிக்கை என்ற சொல்லுக்கு அந்த வாரியத்தில் இருந்த மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று காருக்குப் போய்விட்டார்.

காப்பாளர் கண்ணாடிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாதிரி சாமானை வாரியத்துல வெச்சுக்க முடியாது. எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கடுகடுத்தார். அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இவர் கெட்டிக்காரரா, நிஜமாகவே இப்படித்தானா என்று அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பைனாகுலரின் சக்கரத்தைத் திருகிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பரீட்சைக்கு முன்னால் டீச்சரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. அம்மா விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மெதுவகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் போனாள்.

"உங்க பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் டீச்சர். குரலில் கோபம் இருந்தது. "நான் போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள சத்தமாப் படிச்சுடறா. ஜன்னலுக்கு வெளியில போற பஸ்ஸோட பேரைக்கூடப் படிக்கறா. மத்தப் பிள்ளைங்களுக்குப் பெரிய தொந்தரவா இருக்கு. வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க. கண்டிப்பாச் சொல்றேன்" என்று கைகூப்பிவிட்டு வந்தாள் அம்மா. சொல்லவில்லை.